பெயரை மறைத்து வாழும் நாயகி: காலகட்டக் காதல் படத்துக்குத் திரைக்கதை எழுதும் முறை

ஒரு பெண் தன் அடையாளத்தை மறைத்துக்கொண்டு ஓர் ஊருக்கு வருகிறாள், அங்கே ஒருவன் அவளை நேசிக்கிறான், பிறகு உண்மை வெளிப்படுகிறது என்று மூன்று வாக்கியங்களில் சொல்லிவிடக்கூடிய கதையை எடுத்துக்கொண்டு திரைக்கதை எழுத உட்காருபவர்களில் பெரும்பாலோர், உண்மை எப்படி வெளிப்படுகிறது என்பதைப் பற்றியே மாதக்கணக்கில் யோசிக்கிறார்கள். யோசிக்க வேண்டியது அதுவன்று. அவள் சொல்லும் பொய்யே அவளுடைய காதலுக்குத் தடையாக நிற்க வேண்டும் என்பதுதான் இவ்வகைப் படத்தின் அச்சாணி. எந்தப் பொய் அவளுக்குச் சோறு போடுகிறதோ, கூரை தருகிறதோ, ஊரில் மரியாதையும் தருகிறதோ, அதே பொய் அவன் பக்கம் திரும்பிப் பார்க்கக்கூட அவளை விடாமல் தடுக்க வேண்டும். மறைப்பும் காதலும் தனித்தனிப் பாதையில் ஓடினால், முதல் பாதி ஒரு காதல் படமாகவும் இரண்டாம் பாதி ஒரு துப்பறியும் படமாகவும் பிரிந்துபோகும்.

இதை வெறும் விதியாகச் சொன்னால் பிடிபடாது என்பதால், கட்டுரை முழுவதும் ஒரே ஒரு கற்பனைக் கதையை வைத்துக்கொண்டு போகிறேன். கதை 1942இல் மதுரையில் தொடங்குகிறது. அபரஞ்சி என்பவள் தஞ்சைப் பகுதியில் தேவதாசி மரபில் வந்த ஒரு குடும்பத்தின் பெண். 1934இல், பதினாறு வயதில், ஒரே ஓர் இசைத்தட்டுக்குப் பாடியவள். பின்னர் ஒரு நாடகக் குழுவோடு ரங்கூனுக்குப் போனவள். போர் பர்மாவுக்கு வந்ததும் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்தே இந்தியா திரும்புகிறாள். வழியில் தன்னோடு நடந்துவந்து இறந்துபோன தையல்நாயகி என்ற பள்ளி ஆசிரியையின் பெயரை எடுத்துக்கொண்டு, மதுரையில் ஒரு பெண்கள் பள்ளியில் வேலைக்குச் சேர்கிறாள். தையல்நாயகி ஒரு விதவை. ஆகவே அபரஞ்சியும் விதவையாகிறாள்.

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் கதை இருக்கிறது. அபரஞ்சிக்குக் கணவன் இருந்ததே இல்லை. ஆனால் எடுத்துக்கொண்ட பெயரோடு வெள்ளைப் புடவையும் பொட்டில்லாத நெற்றியும் பூவில்லாத கூந்தலும் சேர்ந்து வந்துவிட்டன. விதவை மறுமணத்தைச் சட்டம் 1856லேயே அனுமதித்துவிட்டது, ஊர் அனுமதிக்கவில்லை. அவள் உண்மையைச் சொன்னால் விதவைக் கோலம் போய்விடும். ஆனால் வேலையும் மரியாதையும் அதோடு போய்விடும். சொல்லாமல் இருந்தால் வேலை இருக்கும். ஆனால் யாரையும் ஏறிட்டுப் பார்க்கும் உரிமை இருக்காது. உங்கள் நாயகிக்கு எந்த மறைப்பை வைத்தாலும், இந்த இரண்டு கதவுகளும் ஒன்றையொன்று அடைத்துக்கொண்டு நிற்கின்றனவா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் மறைப்பை மாற்றுங்கள். பணக்காரப் பெண் ஏழையாக நடிப்பதும், இளவரசி வேலைக்காரியாக வருவதும் பெரும்பாலும் வலுவிழந்து போவதற்குக் காரணம், வேடத்தைக் கலைத்தால் அவளுக்கு இழப்பு எதுவுமில்லை என்பதே.

காலத்தையே கடிகாரமாக வைப்பது

காலகட்டப் படம் என்றவுடன் பழைய கார், பழைய புடவை, மஞ்சள் பூசிய ஒளி என்று மனம் போகிறது. அவையெல்லாம் பின்னால் வரட்டும். முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அந்தக் காலத்தில் ஒருவர் தன் அடையாளத்தை மறைப்பது எப்படிச் சாத்தியமாயிற்று, எதுவரை சாத்தியமாயிற்று என்பதாகும். இதற்கு விடை கிடைத்துவிட்டால் திரைக்கதையின் எலும்புக்கூடு தானாகவே கிடைத்துவிடும்.

1941 டிசம்பர் 23ஆம் தேதி ரங்கூன் மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. 1942 மார்ச் 8ஆம் தேதி நகரம் வீழ்ந்தது. கப்பலில் இடம் கிடைத்தவர்கள் கப்பலில் வந்தார்கள். கிடைக்காதவர்கள் அரக்கான் மலை வழியாகவும், எல்லை ஊரான தமு வழியாக மணிப்பூருக்கும் நடந்தார்கள். லட்சக்கணக்கான இந்தியர்கள் இப்படிப் பெயர்ந்தார்கள். காலராவிலும் பசியிலும் களைப்பிலும் வழியிலேயே இறந்தவர்கள் ஏராளம். சான்றிதழ், பத்திரம், புகைப்படம் எல்லாம் ரங்கூனிலேயே போய்விட்டன என்று ஒருவர் சொன்னால் மறுத்துப் பேச யாரிடமும் ஆதாரம் இல்லாத காலம் அது. ஒரு பெயரை விட்டுவிட்டு இன்னொரு பெயரோடு ரயிலிலிருந்து இறங்குவதற்கு இதைவிட இயல்பான நேரம் தமிழ்நாட்டின் அண்மைய வரலாற்றில் எனக்குத் தெரிந்து வேறில்லை.

இதைவிட முக்கியமானது, அந்த வாய்ப்புக்கு ஒரு முடிவுத் தேதி இருப்பதுதான். பர்மா ஜப்பானியர் கையில் இருந்தவரை அங்கிருந்து கடிதம் வராது, ஆள் வராது. தையல்நாயகியின் அண்ணன் ஒருவன் அங்கேயே தங்கிவிட்டான் என்று வைத்துக்கொண்டால், அவன் உயிரோடு இருக்கிறானா என்பதுகூட மதுரையில் யாருக்கும் தெரியாது. 1945 மே மாதத் தொடக்கத்தில் ரங்கூன் மீண்டும் பிரிட்டிஷார் கைக்கு வருகிறது. ஆகஸ்டில் ஜப்பான் சரணடைகிறது. ஊரெல்லாம் போர் முடிந்தது என்று மூச்சு விடும்போது அவள் ஒருத்திக்கு மட்டும் பயம் தொடங்குகிறது. இனி அஞ்சல் வரும். படத்தின் முதல் நிமிடத்திலிருந்தே பார்வையாளர்கள் போர் முடிய வேண்டும் என்று ஒரு மனத்தாலும், முடியக்கூடாது என்று இன்னொரு மனத்தாலும் நினைக்கும்படி செய்ய முடிந்தால், சண்டைக் காட்சி ஒன்றுகூட இல்லாமல் போரைக் கதைக்குள் கொண்டுவந்துவிட்டீர்கள் என்று பொருள். இரண்டாம் பாதியில் வேகம் வேண்டும் என்பதற்காக ஒரு வில்லனைத் தேடி அலைய வேண்டியதும் இல்லை. ஒரு தபால்காரர் போதும்.

உங்கள் கதை வேறு காலத்தில் நடக்கலாம். எந்தக் காலமாயினும் மறைப்பைத் திறந்துவைத்த நிகழ்ச்சி எது, மூடப்போகும் நிகழ்ச்சி எது என்ற இரண்டு தேதிகளை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். அவ்விரண்டு தேதிகளும் கதாசிரியரின் வசதிக்காக வந்தவையாக இருக்கக்கூடாது. ஊரறிந்த வரலாற்றிலிருந்து வந்தவையாக இருக்க வேண்டும்.

பொய் எங்கே ஒழுகும்

மறைத்து வாழ்பவளைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் மச்சமோ மோதிரமோ அன்று. அலுவலகப் படிவமும் அன்றாடப் பழக்கமுமே. தேவதாசி மரபில் பிறந்தவர்கள் தாயின் பெயரை முதலெழுத்தாகக் கொண்டார்கள். மதுரையிலேயே பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரில் ஊருக்கு அடுத்து நிற்பது தாய் சண்முகவடிவின் பெயர் என்பதை எல்லோரும் அறிவார்கள். ஆகவே பள்ளிப் பதிவேட்டில் ‘தகப்பனார் பெயர்’ என்ற கட்டத்தின் முன் அபரஞ்சியின் பேனா ஒரு கணம் நிற்கும். இறந்தவளின் தகப்பன் பெயரை அவள் கேட்டு வைத்திருக்கிறாளா? மலைப்பாதையில் நடந்துகொண்டே பேசிய பேச்சில் அது வந்திருக்குமா? இப்படி ஒரு கேள்வி எழுந்தவுடன் பின்கதைக் காட்சி ஒன்று தானாகப் பிறக்கிறது: இரண்டு பெண்கள் ஒரே போர்வைக்குள் படுத்துக்கொண்டு, உறங்கிவிட்டால் எழுந்திருக்க மாட்டோமோ என்ற அச்சத்தில், ஒருத்தி மற்றவளுக்குத் தன் ஊரையும் உறவையும் விடியும்வரை சொல்லிக்கொண்டிருக்கும் காட்சி. அன்று உயிர் பிழைப்பதற்காகக் கேட்ட கதைதான் பிறகு அவளுக்குப் பிழைப்பாகிறது.

இதேபோல, அவள் ஆசிரியை வேலையை எப்படிச் சமாளிக்கிறாள் என்ற கேள்விக்கும் வரலாற்றிலேயே விடை இருக்கிறது. பெண்கள் பலருக்கு எழுத்தறிவே மறுக்கப்பட்டிருந்த காலத்தில் தேவதாசி மரபுப் பெண்கள் தமிழும் தெலுங்கும் வாசிக்கக் கற்றிருந்தார்கள். பதங்களையும் கீர்த்தனைகளையும் பொருள் உணர்ந்து பாட அது தேவைப்பட்டது. எந்தப் பிறப்பை அவள் மறைக்கிறாளோ அந்தப் பிறப்புதான் அவளை ஆசிரியையாக நிற்க வைக்கிறது. இந்த முரணை வசனமாக்கிவிடாதீர்கள். வகுப்பில் அவள் ஒரு செய்யுளை விளக்கும் விதத்தில், கரும்பலகை முன் அவளையறியாமல் கை ஒரு முத்திரைக்குப் போய்ப் பாதியில் இறங்கிவிடுவதில் தெரிந்தால் போதும்.

பேச்சுவழக்கு இன்னொரு ஓட்டை. தையல்நாயகி திருநெல்வேலிக் குடும்பத்தவள். அபரஞ்சி தஞ்சாவூர்ப் பேச்சு பேசுபவள். ரங்கூனிலேயே வளர்ந்தவள் என்ற விளக்கம் இந்த ஓட்டையை அடைக்கும். நல்ல பொய் என்பது தன்னிடமுள்ள குறைகளுக்கும் ஒரு காரணத்தைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும். திரைக்கதையாசிரியர் தன் நாயகிக்கு அந்த அளவு புத்திசாலித்தனத்தைத் தர வேண்டும். பார்வையாளர்களுக்குத் தோன்றும் சந்தேகம் அவளுக்குத் தோன்றாமல் போனால் அவள் மீதான மதிப்பு போய்விடும், மதிப்பு போனபின் காதல் எங்கே நிற்கும்?

ஆனால் ஒன்றை மட்டும் அவளால் மாற்ற முடியாததாக வையுங்கள். இங்கே அது குரல். அதனால்தான் அவள் காலைப் பிரார்த்தனையில்கூட உதட்டை மட்டும் அசைக்கிறாள், ‘எனக்குப் பாட வராது’ என்று சேர்ந்த முதல் நாளே சொல்லிவிடுகிறாள்.

பார்வையாளர்களிடம் எப்போது சொல்வது

முதல் பத்து நிமிடத்துக்குள் சொல்லிவிடுங்கள் என்பதே என் கருத்து. இடைவேளையில் வெடிக்கும் திருப்பமாக வைத்துக்கொள்ளும் ஆசை எல்லோருக்கும் வரும். அப்படி வைத்தால் ஒருமுறை அதிர்ச்சி கிடைக்கும். ஆனால் அதற்கு முன்னால் வந்த காதல் காட்சிகள் அனைத்தையும் பார்வையாளர்கள் வேறொரு பெண்ணின் கதையாகப் பார்த்திருப்பார்கள். முன்பே தெரிந்திருந்தால், அவள் ஒரு குவளைத் தண்ணீர் வாங்கிக் குடிப்பதிலும் பதற்றம் இருக்கும். மறைக்க வேண்டுமென்றால் உள்ளடுக்கு ஒன்றை மறையுங்கள். அவள் தையல்நாயகி அல்லள் என்பது தெரியட்டும். தையல்நாயகி எப்படி இறந்தாள், சாகும்போது என்ன கேட்டாள், அபரஞ்சி அதைச் செய்தாளா என்பது கடைசிவரை தெரியாமல் இருக்கட்டும். பெயரைத் திருடினாளா, பெற்றுக்கொண்டாளா என்ற கேள்விதான் பார்வையாளர்களை அவளோடு கட்டிவைக்கும்.

நாயகனும் அவன் கடையும்

சோமு டவுன் ஹால் ரோட்டுக்கு அருகில் ஒரு சந்தில் கிராமபோன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறான். அவனிடம் ‘மிஸ் அபரஞ்சி’ என்று அச்சிட்ட இசைத்தட்டு ஒன்று இருக்கிறது. எட்டு ஆண்டுகளாக அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். அந்தக் குரல் யாருடையது என்று தெரியாமலே அதன் மீது அவனுக்கொரு பித்து. இதில் ஓர் ஆபத்து இருக்கிறது: குரலைத் தொழுபவன், குரலுக்குரியவளை அறிந்தவன் ஆகிவிட மாட்டான். அந்த இடைவெளியை மூடிவிடாமல், அதன் மீதே முதல் சந்திப்பைக் கட்டலாம். பள்ளியின் பழுதான கிராமபோனை வாங்கிப் போக அவள் கடைக்கு வருகிறாள்.

சோமு: ஸ்பிரிங் அறுந்திருந்தது, டீச்சர். மாத்தியாச்சு. ஒரு பிளேட் போட்டுக் காட்டுறேன், கேட்டுட்டு எடுத்துக்கிட்டுப் போங்க.

தையல்நாயகி: வேண்டாங்க, நேரமாச்சு. பள்ளிக்கூடத்துல போட்டுப் பாத்துக்கிறோம்.

சோமு: மூணே நிமிஷந்தான். இந்தக் குரலைக் கேட்டுட்டா மத்தது எதுவும் காதுல ஏறாது.

(சாவி கொடுக்கிறான். தட்டின் கீறல் ஒலி. பிறகு ஒரு சிறு பெண்ணின் குரல். அவள் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.)

தையல்நாயகி: ஊசியை மாத்துங்க. மேல போறப்ப கிழியும்.

(அவன் திரும்பிப் பார்க்கிறான். குரல் இன்னும் கீழ்ஸ்தாயியில்தான் இருக்கிறது. சில நொடிகள் கழித்து மேல் ஷட்ஜத்துக்கு ஏறுகிறது. அவள் சொன்னபடியே கிழிகிறது.)

சோமு: இந்த பிளேட்டை முன்னாடி கேட்டிருக்கீங்களா, டீச்சர்?

தையல்நாயகி: ரங்கூன்ல எங்கேயோ கேட்டிருப்பேன்.

சோமு: அப்புறம் இந்தம்மா பாடவே இல்லை. என்ன ஆச்சோ. குரல் சாமி கொடுத்தது, பொறந்த இடந்தான்... என்ன பண்றது.

தையல்நாயகி: எவ்வளவு ஆச்சுங்க?

இந்தக் காட்சியில் நடந்தவற்றைக் கவனியுங்கள். எஃகு ஊசியைத் தட்டுக்குத் தட்டு மாற்றாவிட்டால் ஒலி சிதையும் என்பது அக்காலத்தில் கிராமபோன் வைத்திருந்தவர் எவருக்கும் தெரிந்த சாதாரணச் செய்தி. எனவே அவள் சொன்னதற்கு வெளிப்படையாக ஒரு விளக்கம் உண்டு. ஆனால் எதிர்காலத்தில் சொன்னாளே, ‘கிழியும்’ என்று, அதற்கு விளக்கம் இல்லை. பாட்டு மேலே ஏறப்போகிறது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தன் குரல் கெட்டு ஒலிப்பதைப் பொறுக்க முடியாத பாடகி, ஒரு நொடி, மறைந்து வாழும் பெண்ணை மீறிவிட்டாள். தன் திறமையின் மீதான அக்கறையே ஒருத்தியைக் காட்டிக்கொடுப்பது, அவள் அணிந்திருக்கும் நகை காட்டிக்கொடுப்பதைக் காட்டிலும் எப்போதும் மேலானது.

சோமு கடைசியாகச் சொல்லும் அந்த அரை வாக்கியமும் கவனத்துக்குரியது. அவன் கெட்டவன் இல்லை. அக்காலத்து மதுரையில் யாரும் சொல்லக்கூடியதைத்தான் சொன்னான். ஆனால் அதைச் சொன்ன பிறகு, அவளுடைய மறைப்புக்கு அவனும் பொறுப்பாளியாகிவிடுகிறான். பின்னால் உண்மை தெரியவரும்போது ‘என்னிடமாவது சொல்லியிருக்கலாமே’ என்று அவன் கேட்டால், அதற்குரிய பதில் இந்தக் காட்சியிலேயே இருக்கிறது. அவள் பேச வேண்டியதே இல்லை. நாயகனைக் குற்றமற்றவனாக வைத்துக்கொண்டு நாயகியை மட்டும் மன்னிப்புக் கேட்க வைக்கும் முடிவுகள் நம்மிடம் நிறைய இருக்கின்றன. அவற்றைத் தவிர்ப்பதற்கான வழி, அவன் திருந்த வேண்டிய ஒன்றை முதல் சந்திப்பிலேயே, அவன் வாயாலேயே சொல்லவைத்துவிடுவதாகும்.

சந்தேகப்படும் துணைப்பாத்திரம் ஒன்று வேண்டியிருக்கும். ரங்கூனில் அவளோடு நடித்த பபூன் ஒருவர் மதுரைக்கு ஸ்பெஷல் நாடகம் ஆட வந்து அவளைப் பார்த்துவிடுகிறார் என்று வைக்கலாம். அவர் மிரட்டிப் பணம் பறிப்பார் என்று எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். அவர் பேசாமல் இருந்துவிட்டால்தான் சுமை கூடும். ஒருவருடைய பெருந்தன்மையின் தயவில் வாழ்வது, மிரட்டலுக்கு அஞ்சி வாழ்வதைவிடக் கடினமானது.

பொருள்களும் பேச்சும்

பொருள்களில் தவறு செய்தால் பார்வையாளர்கள் மன்னித்துவிடுவார்கள் என்பது உண்மைதான். ஆனால் சரியாகச் செய்தால் கதைக்குப் பயன்படும். நடுவில் துளையுள்ள காலணா 1943 முதல் 1947 வரை அச்சானது. 1942இல் ரயிலிலிருந்து இறங்கும் அபரஞ்சியின் முந்தானை முடிச்சில் அது இருக்கக்கூடாது. 1944இல் ஒரு மாணவி அவளிடம் அந்த ஓட்டைக் காலணாவை நூலில் கோத்துக் கொண்டுவந்து காட்டலாம். ஆண்டு எழுத்தைத் திரையில் போடாமலே காலம் நகர்ந்துவிட்டது தெரியும். பதினாறு அணா ஒரு ரூபாய் என்ற கணக்கு 1957 ஏப்ரல் வரை நீடித்தது. எனவே கடைக்கணக்கு பேசும் இடமெல்லாம் அணாவில்தான் இருக்க வேண்டும். உணவுப் பங்கீடு வந்தபின் குடும்ப அட்டையில் பெயர் ஏறவேண்டிய கட்டாயமும் வருகிறது; பொய்ப் பெயர் மீண்டும் ஒருமுறை அரசாங்கத் தாளில் ஏறும் அந்த நாளைக் கதையில் விட்டுவிடாதீர்கள்.

மதுரை என்றவுடன் தங்கம் தியேட்டரைக் காட்டத் தோன்றும். அது திறக்கப்பட்டது 1952இல். பர்மாவிலிருந்து வந்தவர்கள் என்றவுடன் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் விற்கும் கடை நினைவுக்கு வரும். அது 1960களில் திரும்பி வந்தவர்களின் கதை, இந்தக் கதைக்கு உரியதன்று. திருச்சி வானொலி 1939இலேயே வந்துவிட்டது. ஆனால் வீட்டுக்கு வீடு ரேடியோ ஒலித்தது போலக் காட்டக்கூடாது. ரயிலுக்குத் தென்னிந்திய ரயில்வே என்று பெயர். ‘சதர்ன் ரயில்வே’ என்ற எழுத்து பெட்டியில் தெரிந்தால் அது 1951க்குப் பிற்பட்டது. மீனாட்சியம்மன் கோயிலில் ஒடுக்கப்பட்டோர் நுழைந்தது 1939 ஜூலை 8ஆம் தேதி. அது நடந்து மூன்று ஆண்டுகள்கூட ஆகாத ஊருக்குத்தான் அபரஞ்சி வருகிறாள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், பிறப்பைப் பற்றித் திண்ணையில் என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்பது உங்களுக்கே தெளியும்.

பேச்சைப் பொறுத்தவரை, பழைய காலம் என்பதற்காக எல்லோரையும் செந்தமிழில் பேசவிடாதீர்கள். அந்தக் காலத்து மேடைத் தமிழும் திரைத் தமிழும் நம் காதில் தங்கிவிட்டதால், அக்காலத்து மக்களே அப்படித்தான் பேசினார்கள் என்ற மயக்கம் இருக்கிறது. பேச்சில் பேச்சுத்தமிழும், கடிதத்தில் ‘க்ஷேமம்’, ‘இப்பவும்’ என்று வரும் கலப்புநடையும் இருந்தால் போதும். சோமு அவளை ‘டீச்சர்’ என்று அழைப்பதும், இருவரும் ‘நீங்க’ என்று பேசிக்கொள்வதும் படத்தின் பெரும்பகுதியில் மாறவே கூடாது. தொடுதலுக்கு இடமில்லாத ஒரு காலத்தில், அவன் ஒருநாள் ‘டீச்சர்’ என்பதை விட்டுவிட்டு அவள் பெயரைச் சொன்னால் அதுவே முத்தக் காட்சிக்கு நிகர். அதுவும் அவன் சொல்லும் பெயர் அவளுடையது அன்று. இதற்குமேல் ஒரு காதல் படத்துக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

வெளிப்படுத்துவது யார்

உண்மையை வேறொருவர் கண்டுபிடித்து அம்பலப்படுத்தினால் அவள் பரிதாபத்துக்குரியவள் ஆகிறாள். அவளே சொன்னால் நாயகி ஆகிறாள். அதற்காக எந்த நெருக்கடியும் இல்லாமல் சொல்லிவிடவும் முடியாது. இங்கே நெருக்கடி அஞ்சலில் வருகிறது. 1945 செப்டம்பரில் ரங்கூனிலிருந்து தையல்நாயகிக்கு அவள் அண்ணனின் கடிதம் வருகிறது: உயிரோடு இருக்கிறேன், உன்னைப் பார்க்க வருகிறேன். கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு ஊருக்குப் போய்விடலாம். வேறொரு பெயரை எடுத்துக்கொள்ளலாம். அபரஞ்சி பதில் எழுதுகிறாள். உங்கள் தங்கை இறந்துவிட்டாள், இந்த இடத்தில், இந்த மாதத்தில், நான் பக்கத்தில் இருந்தேன் என்று எழுதுகிறாள். முதலில் பெயரை அதற்கு உரியவர்களிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். காதலனிடம் சொல்வது அதற்கு அடுத்தபடிதான். இந்த வரிசையை மாற்றினால், காதலுக்காக மட்டுமே உண்மை பேசியவளாக அவள் சிறுத்துப்போவாள். மறைத்து வைத்திருந்த உள்ளடுக்கு, அதாவது தையல்நாயகி கடைசியாகக் கேட்டது என்ன என்பது, இந்தக் கடிதத்தை எழுதும் காட்சியில்தான் வெளிவர வேண்டும்.

சோமுவிடம் அவள் எதையும் விளக்கிச் சொல்ல வேண்டாம். பள்ளியின் நவராத்திரிக் கொலுவில், பாட வராது என்று மூன்றாண்டுகளாகச் சொல்லிவந்தவள், அந்த இசைத்தட்டின் பாடலையே பாடட்டும். ஒரு தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகவே ஓடும். பாடல் அதோடு முடிந்துவிடும். அவன் எட்டு ஆண்டுகளும் அதற்கு மேலும் கேட்ட பாடலின் எல்லை அது. அவள் அதைத் தாண்டி, தட்டில் இடமில்லாமல் விடப்பட்ட சரணத்தையும் பாடுகிறாள் என்று எழுதுங்கள். இசையமைப்பாளரிடம் இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்; பாடல் ஒன்றுதான் என்றாலும் பதினாறு வயதுக் குரலில் ஒன்று, இருபத்தேழு வயதுக் குரலில் ஒன்று என இரண்டு பதிவுகள் தேவைப்படும். முதலாவதைக் கணினியில் இரைச்சல் சேர்த்துப் பழையதாக்கினால் போலியாகத் தெரியும். சிறுமியொருத்தியைப் பாடவைத்து, உச்சத்தில் குரல் சற்றே மெலியும்படி விட்டுவிடுவது நல்லது. அப்படிச் சிறு வயதிலேயே இசைத்தட்டுக்குப் பாடியவர்கள் உண்டு, எம்.எஸ். சுப்புலட்சுமியே பத்து வயதில் பாடியவர்.

அவன் ஏற்றுக்கொண்டானா என்பதை எப்படி முடிப்பது என்று நான் சொல்லப்போவதில்லை. ஆனால் தேவதாசிகளுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடைசெய்யும் சென்னை மாகாணச் சட்டம் 1947இல்தான் நிறைவேறியது. முத்துலட்சுமி ரெட்டி அதற்காகச் சட்டமன்றத்தில் பேசத் தொடங்கி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. சட்டம் வந்ததும் மனம் மாறிவிட்டது என்று காட்டும் முடிவு பொய்யாக இருக்கும். அதேபோல, இந்த மரபில் பிறந்ததை ஒரு களங்கமாகவும், அதிலிருந்து திருமணம் அவளை மீட்டுவிட்டதாகவும் எழுதுவதும் தவறு. அவள் மறைத்தது களங்கத்தை அன்று. பிறர் களங்கம் என்று சொன்ன ஒன்றை. வசனம் எழுதும் ஒவ்வொரு பக்கத்திலும் இந்த வேறுபாட்டைச் சரிபார்த்துக்கொள்வது திரைக்கதையாசிரியரின் கடமை.

தகவல் தேடுவதும் செலவும்

வரலாற்று நூல்களைப் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், அந்தந்த மாதத்து இதழ்களின் விளம்பரப் பக்கங்களைப் பாருங்கள். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய இதழ்களும் பாட்டுப் புத்தகங்களும் கிடைக்கின்றன. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அரசாணைகளைப் பார்க்கலாம். ஒரு சோப்பு விளம்பரத்தில் பெண்ணின் ரவிக்கைக் கை எந்த அளவு புடைத்திருக்கிறது, ஒரு கிராமபோன் விளம்பரத்தில் யார் உட்கார்ந்து கேட்கிறார்கள், யார் நின்று கேட்கிறார்கள் என்பவை எந்த வரலாற்று நூலிலும் இருக்காது. அகதிகளாகத் திரும்பி வந்தவர்களின் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. அவர்களிடம் பேசும்போது தகவலைப் பெற்றுக்கொள்ளுங்கள், பெயர்களைக் கதையில் வைக்காதீர்கள்.

தயாரிப்பாளர் முதலில் கேட்கப்போவது பர்மா நடைப்பயணத்தைப் படமாக்க எவ்வளவு ஆகும் என்பதைத்தான். ஆயிரம் துணை நடிகர்களும் குண்டுவீச்சும் வேண்டாம் என்று திரைக்கதையிலேயே காட்டிவிடுங்கள். மலைப்பாதை முழுவதையும் ஒரு போர்வை, இரண்டு பெண்கள், அணையப்போகும் ஒரு நெருப்பு என்ற அளவுக்குள் மூன்று இரவுக் காட்சிகளாகப் பிரித்து, படத்தின் மூன்று இடங்களில் வைக்கலாம். கடை, வகுப்பறை, விடுதி அறை ஆகிய மூன்றும் உள்ளரங்குகள். தெரு வேண்டிய இடத்துக்குக் காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீதி ஒன்று, அதிகாலையில், மின்கம்பிகள் படாத கோணத்தில் கிடைத்தால் போதும். இப்படி எழுதப்பட்ட பிரதியைத்தான் தயாரிப்பாளர் கடைசிப் பக்கம்வரை படிப்பார்.